வெள்ளையடித்தால் தூண் தாங்குமா?

ஒவ்வொரு வருடமும் கோடை விடுமுறை முடியப்போகும் சமயத்தில் எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஏணி சாத்தியிருக்கும், பக்கெட்டில் டிஸ்டெம்பர் கரைந்துகொண்டிருக்கும். தூணின் அடியில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடியிருக்கும், அதன் ஓரத்தில் துருவின் பழுப்புக் கறை தெரியும். கொத்தனார் கரண்டியால் இரண்டு தடவை சிமெண்டைத் தேய்ப்பார். அது காய்ந்ததும் மேலே மஞ்சள் பெயிண்ட். அவ்வளவுதான், "பராமரிப்புப் பணி" முடிந்தது. ஜூன் மாதம் பிள்ளைகள் வந்து அதே தூணில் சாய்ந்து உட்கார்ந்து பாடம் படிப்பார்கள்.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகிற சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். நெல்லும் மணிலாவும் விளைகிற பூமி. மாடி வீடு என்றாலே அதிசயமாகப் பார்த்த காலம் போய், சாலையோரம் கீழே கடை, மேலே வீடு என்று வரிசையாகக் கட்டடங்கள் எழுந்துவிட்ட பேரூர். இப்படிப்பட்ட ஊரில் போய் "பூகம்பத்துக்குப் பழைய கட்டடங்களைப் பலப்படுத்துங்கள்" என்று சொன்னால் மூன்று பதில்கள் வரும். "இங்கே பூகம்பமெல்லாம் வராது", "பழசுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசா கட்டிடலாம்", "அந்த ஜப்பான் கான்கிரீட்டெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது". மூன்றுமே தப்பு. ஏன் தப்பு என்பதுதான் இந்தக் கட்டுரை.

"இங்கே வராது"

1993 செப்டம்பர் 30 வரை மகாராஷ்டிராவின் கில்லாரி கிராமத்து மக்களும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். அப்போதிருந்த நிலநடுக்க வரைபடத்தில் அந்தப் பகுதி மிகக் குறைந்த ஆபத்துள்ள மண்டலம் ஒன்றில் இருந்தது. தக்காணப் பீடபூமி, கெட்டியான பாறை நிலம். அன்று அதிகாலை 6.2 அளவில் நிலம் ஆடியது. லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது நிலம் இல்லை. மண்சாந்தில் அடுக்கிய கருங்கல் சுவரும், அதன் மேலே ஏற்றி வைத்திருந்த கனமான மண் கூரையும்தான்.

தமிழ்நாட்டுக்கு வாருங்கள். 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பக்கம் சுமார் 6 அளவில் நிலநடுக்கம் வந்திருக்கிறது. 2001 செப்டம்பர் 25 இரவு பாண்டிச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் 5.5 அளவில் ஒன்று வந்தது. சென்னையில் மாடி வீட்டுக்காரர்கள் தெருவுக்கு ஓடி வந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அது மையம் கொண்ட இடம் கீழ்பென்னாத்தூரிலிருந்து நேர்க்கோட்டில் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். 2021 கடைசியில் வேலூர்ப் பக்கம் 3.5 அளவை ஒட்டிய சிறு அதிர்வுகள் வந்தன. 2002-ல் திருத்திய ஐ.எஸ். 1893 விதிநூல் மண்டலம் ஒன்று என்பதையே எடுத்துவிட்டது. சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. வேலூர், காஞ்சிபுரம், சேலம், கோயம்புத்தூர் எல்லாம் அந்தத் திருத்தத்தில் மூன்றாம் மண்டல ஊர்களாகத்தான் இருந்தன.

இதை வைத்து நாளைக்கே கீழ்பென்னாத்தூர் இடிந்துவிடும் என்று பயம் காட்டுவதும் தப்பு. இது குஜராத்தோ இமயமலையோ இல்லை. பாறைக்கு மேல் நிற்கும் கட்டடம், ஏரி மண்ணைக் கொட்டி மேடாக்கிய மனையில் நிற்கும் கட்டடத்தைவிடக் குறைவாகவே ஆடும் என்பதும் உண்மை. ஆனால் விஷயம் வேறு. கட்டடம் நன்றாக இருந்தால் மிதமான ஆட்டத்தைத் தாங்கிக்கொள்ளும். தூண் ஏற்கெனவே துருப்பிடித்து, கான்கிரீட் பொரிந்து நின்றால் மிதமான ஆட்டமே போதும். பெரிய பூகம்பம் வந்தால்தான் ஆபத்து என்று எவர் சொன்னது?

இன்னொன்று. 2024 டிசம்பர் 1 வரை, திருவண்ணாமலை தீபமலையிலிருந்து பாறையும் மண்ணும் சரிந்து வீட்டுக்குள் வரும் என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் ஏழு பேர் புதைந்து போனார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. "இங்கே வராது" என்பது அறிவியல் இல்லை, வெறும் பழக்கம்.

அந்தக் காலத்துத் தூண்

எழுபதுகளிலிருந்து தொண்ணூறுகள் வரை சின்ன ஊர்களில் எழுந்த கான்கிரீட் கட்டடங்களில் தூண் பெரும்பாலும் ஒன்பது அங்குலம், அதாவது 230 மில்லிமீட்டர்தான். காரணம் அறிவியல் இல்லை. செங்கல் சுவரும் ஒன்பது அங்குலம், அதோடு சமமாகப் போனால் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். நிற்கும் கம்பி நாலு. அதைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பி எட்டு, ஒன்பது அங்குலத்துக்கு ஒன்று. அதன் முனையைக் கொஞ்சம் மடக்கி விட்டிருப்பார்கள்.

சாதாரண நாளில் தூணின் வேலை மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்குவது. அதற்கு இது போதும், அதனால்தான் இத்தனை வருடம் நிற்கிறது. பூகம்பத்தில் பாரம் பக்கவாட்டில் வருகிறது. தூணின் தலையும் காலும் முன்னும் பின்னும் வளைகின்றன. அப்போது உள்ளே இருக்கிற கான்கிரீட் நொறுங்கி வெளியே கொட்டாமல் பிடித்துக்கொள்வது ரிங் கம்பிதான். அது நெருக்கமாக இருக்க வேண்டும், முனை 135 டிகிரி மடங்கி உள்ளே பதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோணியின் தையல் பிரிந்த மாதிரி எல்லாம் கொட்டிவிடும். இதையெல்லாம் விரிவாகச் சொல்லும் ஐ.எஸ். 13920 விதிநூல் வந்ததே 1993-ல்தான். அதற்கு முன்னால் கட்டியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்குப் பிறகும் அப்படியே கட்டுகிறவர்களை என்ன சொல்வது?

இதோடு கீழே கடை, மேலே வீடு என்கிற அமைப்பைச் சேர்த்துப் பாருங்கள். மேல் மாடியில் சுவர்கள் நிறைய. கீழே ஷட்டர் போடுவதற்காக முன்பக்கம் சுவரே கிடையாது, தூண் மட்டும். ஆட்டம் முழுவதும் அந்தக் கீழ்த் தூண்களின் தலையில் விழும். 2001 ஜனவரி 26 புஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தது ஞாபகம் இருக்கிறதா? அவற்றில் பல, கீழே கார் நிறுத்துவதற்காகச் சுவர் இல்லாமல் விட்ட கட்டடங்கள்.

"இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம்"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களைச் சோதித்து, மோசமானவற்றை இடிக்க உத்தரவு போனது. இடிக்க வேண்டியதை இடிப்பது சரி. ஆனால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

ஒன்று, இடித்த பிறகு பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள்? நிதி வந்து, டெண்டர் விட்டு, கட்டி முடிக்கும் வரை மரத்தடியும் தகரக் கொட்டகையும்தான். இரண்டு, இடிக்கும் அளவுக்கு மோசமில்லை, ஆனால் நன்றாகவும் இல்லை என்று நடுவில் நிற்கும் கட்டடங்களை என்ன செய்வது? எண்ணிக்கையில் இவைதான் அதிகம். இவற்றுக்குத்தான் வருடா வருடம் வெள்ளையடிப்பு நடக்கிறது. இடிப்பதற்கும் சும்மா விடுவதற்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, பலப்படுத்துவது. இந்தியாவில் அதற்கு விதிநூலே இருக்கிறது. கல், செங்கல் கட்டடங்களுக்கு 2009-ல் திருத்திய ஐ.எஸ். 13935, கான்கிரீட் கட்டடங்களுக்கு 2013-ல் வந்த ஐ.எஸ். 15988. புத்தகம் அலமாரியில் இருக்கிறது, தூண் விரிசலோடு நிற்கிறது!

தனியார் வீட்டுக்காரருக்கு இடிக்கிற யோசனையே கிடையாது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கட்டிய வீடு. அவரிடம் போய் "இடி" என்றால் சிரிப்பார். "கீழே இந்த எட்டுத் தூணை மட்டும் பலப்படுத்து" என்றால் யோசிப்பார்.

தூணுக்குச் சட்டை

கான்கிரீட் தூணைப் பலப்படுத்தும் பல வழிகளில் ஒன்று ஜாக்கெட்டிங். பழைய தூணைச் சுற்றிப் புதிதாக ஒரு கான்கிரீட் சட்டை போடுவது. முதலில் மேல் தளத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு பூச்சையும் பொரிந்த கான்கிரீட்டையும் கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, பழைய பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும். புதிய கம்பிகளை அஸ்திவாரத்திலிருந்து கிளப்பி, தளத்தில் துளை போட்டு மேலே கொண்டுபோய், நெருக்கமாக ரிங் கட்ட வேண்டும். அதற்கப்புறம் சென்ட்ரிங் அடித்துக் கான்கிரீட் ஊற்ற வேண்டும்.

எல்லாம் கெட்டுப்போவது இந்தக் கடைசி வேலையில்தான். சட்டையின் கனம் சுமார் 100 மில்லிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. அதற்குள்ளே புதுக்கம்பி, ரிங், பழைய தூணில் பதித்த இணைப்புக் கம்பி எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். மேலே தளம் மூடியிருக்கும், ஊற்றுவதற்கு இருப்பது ஒரு துளை. இதில் சாதாரண ஜல்லிக் கான்கிரீட்டைப் போட்டால் பாதி வழியில் கம்பியில் சிக்கி நிற்கும். வைப்ரேட்டர் ஊசி உள்ளே போகாது. மேஸ்திரி என்ன செய்வார்? "தண்ணி ஊத்து" என்பார். தண்ணீர் கூடினால் கலவை இளகும், பலம் போய்விடும். சென்ட்ரிங்கைப் பிரித்தால் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். அதன் மேலே சிமெண்டைத் தேய்த்து, மறுபடியும் பெயிண்ட். இதற்குச் சட்டை போடாமலேயே இருந்திருக்கலாம். தூணும் பலப்படவில்லை, பலப்பட்டுவிட்டது என்கிற பொய் நம்பிக்கையும் வந்துவிட்டது.

செல்ஃப் காம்பாக்டிங் கான்கிரீட் இதற்காகவே செய்த மாதிரி இருக்கும். சுருக்கமாக எஸ்.சி.சி. என்பார்கள். குத்தவும் வேண்டாம், அதிர வைக்கவும் வேண்டாம். தன் எடையிலேயே ஓடி, கம்பிகளுக்கு நடுவே புகுந்து, மூலை முடுக்கெல்லாம் நிரம்பி அமர்ந்துகொள்ளும். இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஜல்லியின் அளவும் பங்கும் குறைவு. சிமெண்டோடு ஃப்ளை ஆஷ் மாதிரியான நைசான பொடி அதிகம். தண்ணீரைக் கூட்டாமல் கலவையை ஓடவைக்க பாலிகார்பாக்சிலேட் வகை ரசாயனம். கல்லும் சாந்தும் பிரிந்துவிடாமல் பிடித்து வைக்கத் தேவைப்பட்டால் இன்னொரு ரசாயனம். ஃப்ளை ஆஷ் ஜப்பானிலிருந்து வரவேண்டியதில்லை, மேட்டூர் அனல் மின் நிலையத்தின் சாம்பல்தான் அது.

இதற்கு வழிகாட்டியவர் டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாஜிமே ஒகாமுரா. 1986-ல் அவர் இந்த யோசனையைச் சொன்னார், 1988-ல் முதல் மாதிரிக் கலவை தயாரானது. அவர் ஏன் இதை யோசித்தார் என்பதுதான் முக்கியம். ஜப்பானில் கான்கிரீட்டைச் சரியாகக் குத்தி அமர்த்தத் தெரிந்த கைதேர்ந்த தொழிலாளிகள் குறைந்துகொண்டே வந்தார்கள், அதனால் கட்டடங்களின் தரம் கெட்டது. தொழிலாளியின் கைப்பக்குவத்தை நம்பாமல் தானே அமரும் கலவை வேண்டும் என்று தேடினார். ஆக, "இதெல்லாம் பெரிய நாட்டு ஆடம்பரம்" என்பது கதையைத் தலைகீழாகப் படிப்பது. நல்ல வேலையாள் கிடைக்காத இடத்துக்காகப் பிறந்த பொருள் இது. அப்படிப் பார்த்தால் டோக்கியோவைவிடக் கீழ்பென்னாத்தூருக்குத்தான் இது அதிகம் தேவை.

"கட்டுப்படியாகாது"

கணக்கைப் போட்டுவிடலாம். 230 மில்லிமீட்டர் சதுரத் தூணுக்கு நாலு பக்கமும் 100 மில்லிமீட்டர் சட்டை போட்டால் 430 மில்லிமீட்டர் சதுரம் ஆகும். புதிதாகச் சேரும் பரப்பு 0.132 சதுர மீட்டர். தூண் உயரம் 3 மீட்டர் என்றால் ஒரு தூணுக்குத் தேவை 0.4 கன மீட்டர். பதினாலு தூண் இருந்தாலும் மொத்தம் ஐந்தரை கன மீட்டர்தான். ஒரு ரெடிமிக்ஸ் லாரி சுமக்கும் அளவுகூட இல்லை!

எஸ்.சி.சி. சாதாரணக் கான்கிரீட்டைவிட விலை அதிகம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த விலை வித்தியாசம் இந்த ஐந்தரை கன மீட்டருக்கு மட்டும்தான். மொத்தச் செலவில் பெரும்பகுதி முட்டுக் கொடுப்பது, கொத்துவது, துளை போடுவது, கம்பி, சென்ட்ரிங், கூலி என்று போகிறது. எந்தக் கான்கிரீட் ஊற்றினாலும் அந்தச் செலவு உண்டு. அவ்வளவையும் செய்துவிட்டுக் கடைசியில் கலவையில் மிச்சம் பிடிப்பது, கல்யாணத்துக்குப் பந்தல், மேளம், பத்திரிகை எல்லாம் செலவு செய்துவிட்டுச் சாப்பாட்டில் உப்பை மிச்சம் பிடிப்பது மாதிரி.

"லாரி வருவதற்குள் கலவை இறுகிவிடும்" என்பார்கள். நியாயமான கவலைதான், சித்திரை வெயிலில் அது சீக்கிரமே நடக்கும். ஆனால் லாரிதான் வேண்டும் என்று யார் சொன்னார்கள்? ஒரு மூட்டை மிக்சரில் மூன்று நாலு முறை கலக்கினால் ஒரு தூண் முடிந்துவிடும். ஆனால் சட்டியால் அளக்காமல் தராசில் எடை போட வேண்டும். எம்-சாண்டில் இருக்கும் ஈரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்தக் கலவையில் தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் காரியம் கெட்டுவிடும்.

சோதனை? அதற்கும் பெரிய லேப் வேண்டாம். 30 சென்டிமீட்டர் உயரக் கூம்பு ஒன்று, இரும்புத் தகடு ஒன்று. கூம்பில் கலவையைக் குத்தாமல் நிரப்பித் தூக்கினால், தகட்டின் மேல் தோசை மாதிரி வட்டமாகப் பரவ வேண்டும். வட்டத்தின் அகலம் 550-லிருந்து 850 மில்லிமீட்டருக்குள், வேலைக்குத் தகுந்தபடி. இட்லி மாதிரி குவிந்து நின்றாலும் தப்பு. நடுவில் கல் குவிந்து ஓரத்தில் தண்ணீர் வளையம் தெரிந்தாலும் தப்பு. கம்பிகளுக்கு நடுவே புகுந்து போகிறதா என்று பார்க்கத் தனியே ஒரு சோதனை உண்டு. இவையெல்லாம் 2019-ல் திருத்திய ஐ.எஸ். 10262-லேயே வந்துவிட்டன. பாலிடெக்னிக் மாணவன் ஒரே நாளில் கற்றுக்கொள்வான். டெல்லி மெட்ரோவிலும் அணுமின் நிலையங்களிலும் இந்தியப் பொறியாளர்களே பயன்படுத்திய கலவைதான் இது.

மருந்து விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

எஸ்.சி.சி. ஊற்றினால் எந்தக் கட்டடமும் பூகம்பத்தைத் தாங்கும் என்று விற்கிறவர்களும் கிளம்பிவிட்டால் அது இன்னும் ஆபத்து. கீழ்பென்னாத்தூரைச் சுற்றிய கிராமங்களில் கருங்கல் சுவர் வீடும், நாட்டு ஓட்டு வீடும், மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடும் இருக்கின்றன. இவற்றில் சட்டை போடுவதற்குத் தூணே கிடையாது. இவற்றுக்குத் தேவை வேறு. சுவரின் இரண்டு முகங்களையும் சேர்த்துப் பிடிக்கும் குறுக்குக் கல், லிண்டல் மட்டத்தில் வீட்டைச் சுற்றி ஒரு பட்டை, மூலைகளில் கம்பி வலை வைத்துச் சிமெண்ட் பூச்சு, கூரைக்கும் சுவருக்கும் பிடிமானம். 2015 ஏப்ரல் 25 நேபாள நிலநடுக்கத்தில், காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் முன்கூட்டியே பலப்படுத்தியிருந்த பள்ளிகள் இடியாமல் நின்றன. அவற்றில் பலவற்றுக்கு உதவியது இப்படிப்பட்ட கம்பிவலைப் பட்டைதான், விலை உயர்ந்த கான்கிரீட் இல்லை.

கான்கிரீட் கட்டடத்திலும் கண்ட இடத்தில் சட்டை போடக் கூடாது. ஒரு தூணை மட்டும் தடித்ததாக்கினால் பூகம்ப விசை அதைத் தேடித்தான் வரும், கட்டடம் முறுக்கிக்கொள்ளும். புதுக்கம்பியை அஸ்திவாரத்தில் பிடிக்காமல் தரையிலிருந்து கிளப்பினால் அது வெறும் அலங்காரம். முதலில் முழுக் கட்டடத்தையும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துக் கணக்குப் போட வேண்டும். அப்புறம் சென்ட்ரிங். எஸ்.சி.சி. இறுகும் வரை தண்ணீர் மாதிரிப் பக்கவாட்டில் தள்ளும். 3 மீட்டர் தூணை ஒரே மூச்சில் நிரப்பினால் அடியில் சதுர மீட்டருக்குச் சுமார் 7 டன் அழுத்தம் வரும். சவுக்குக் கம்பும் ஆணியும் வைத்து அடித்த பலகை பிளந்துகொள்ளும், ஒரு சின்ன இடுக்கு இருந்தாலும் பால் ஒழுகிவிடும். பொடி அதிகம் என்பதால் சுருக்கமும் அதிகம். நாலு நாள் தண்ணீர் விட்டு மறந்துபோனால் விரிசல் நிச்சயம். வைப்ரேட்டர்தான் வேண்டாமே தவிர, மூளை வேண்டாம் என்று ஒகாமுரா சொல்லவில்லை!

செய்ய வேண்டியது

ஊரில் இருக்கும் எல்லாக் கட்டடத்தையும் பலப்படுத்த முடியாது. தேவையும் இல்லை. பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, பேரிடர் சமயத்தில் மக்கள் வந்து தங்கும் இடம், இவைதான் முதலில். டெல்லியில் 2000-களில் இப்படித்தான் லட்லோ காஸில் பள்ளி, ஜி.டி.பி. மருத்துவமனை, செக்ரடேரியட் உட்பட ஐந்து முக்கியக் கட்டடங்களை முன்மாதிரியாகத் தேர்ந்தெடுத்தார்கள். தலைநகரத்துக்கு அது தேவை என்றால் பேரூராட்சிக்கு மட்டும் தேவையில்லையா?

இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். பராமரிப்பு டெண்டரில் சில வரிகள் போதும். தூணில் கம்பியோடு நீள விரிசலோ துருக்கறையோ தெரிந்தால், இன்ஜினியர் பார்த்து எழுதிக் கொடுக்கும் வரை அதன் மேல் பூசக் கூடாது, பெயிண்ட் அடிக்கக் கூடாது. சட்டை போடும் வேலை என்றால் வைப்ரேட்டர் போகாத இடத்தில் எஸ்.சி.சி. அல்லது அதற்குச் சமமான மைக்ரோ கான்கிரீட்தான். ஒவ்வொரு கலவைக்கும் பரவும் அகலத்தை அளந்து எழுதி வைக்க வேண்டும். சென்ட்ரிங் பிரித்ததும், பூசுவதற்கு முன்னால், தூணை நாலு பக்கமும் போட்டோ எடுக்க வேண்டும். இந்தக் கடைசி விதி ஒன்று மட்டும் இருந்தாலே போதும், தேன்கூடுகள் பாதி ஒழிந்துவிடும்.

கோபேயில் 1995 ஜனவரி 17 அன்று ஆறாயிரத்துக்கும் அதிகமானவர்கள் இறந்த பிறகு, அதே வருடக் கடைசிக்குள் பழைய கட்டடங்களைப் பலப்படுத்த ஜப்பான் தனிச் சட்டம் கொண்டுவந்தது. பூகம்பத்தோடு பிறந்து வளர்ந்த நாடே செத்தவர்களை எண்ணிய பிறகுதான் விழித்துக்கொண்டது. அந்தப் பாடத்தை இலவசமாகப் படிக்கும் வாய்ப்பு கீழ்பென்னாத்தூருக்கு இருக்கிறது.

அடுத்த மே மாதமும் ஏணி வரும், பக்கெட் வரும். தூணின் விரிசலில் கரண்டி தேய்க்கும்போது யாராவது ஒருவர், தலைமை ஆசிரியரோ, வார்டு உறுப்பினரோ, பிள்ளையைச் சேர்க்க வந்த அப்பாவோ, "இருங்க, உள்ள கம்பி எப்படி இருக்குன்னு பார்த்துட்டு அப்புறம் பூசுங்க" என்று சொன்னால் போதும். அந்த ஒரு கேள்விக்குச் செலவே கிடையாது. அதைக் கேட்காமல் விட்டால் என்ன செலவாகும் என்பதைக் கில்லாரிக்காரர்களிடம்தான் கேட்க வேண்டும்.